கற்குவியலுக்கு இரண்டு பெயர்: விவிலிய அரமேயம் பற்றிச் சில குறிப்புகள்

(சற்று நீண்ட பதிவு. செமித்திய மொழிகளில் முன்பயிற்சி இல்லாத மாணவர்களும் தொடரும்படி எழுத முயன்றிருக்கிறேன்.)

ஆதியாகமத்தின் 31ஆம் அதிகாரத்தில் ஒரு கற்குவியல் வருகிறது. இருபது ஆண்டுகள் லாபானிடம் உழைத்த யாக்கோபு, சொல்லாமல் புறப்பட்டுவிடுகிறான். லாபான் துரத்திச் சென்று கீலேயாத் மலைநாட்டில் அவனை எட்டுகிறான். வாக்குவாதம் முடிந்து உடன்படிக்கை செய்துகொள்கிறார்கள்; அதற்குச் சாட்சியாகக் கற்களைக் குவிக்கிறார்கள். லாபான் அக்குவியலுக்கு 'யெகர் சாஹதூதா' என்று பெயரிடுகிறான். யாக்கோபு 'கல்-ஏத்' என்று பெயரிடுகிறான். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: சாட்சிக் குவியல். முதற்பெயர் அரமேயம், இரண்டாவது எபிரேயம்.

லாபான் யாக்கோபின் தாயுடன் பிறந்தவன். பெண் கொடுத்தவனும் அவனே. தமிழில் 'மாமன்' என்ற ஒரு சொல் இரண்டு உறவுக்கும் போதும். இவ்வளவு நெருங்கிய இருவர் ஒரே பொருளுக்கு இரண்டு மொழிகளில் பெயரிட்டார்கள் என்பதைக் கதை சொல்பவர் மறக்காமல் பதிவு செய்கிறார். இங்கு மொழி என்பது எல்லைக்கல். குவியலுக்கு அப்பால் அரமேயர்; இப்பால் நாம். ஆனால் அதே மரபின் உபாகமம் 26ஆம் அதிகாரத்தில், முதற்பலனைக் கொண்டுவரும் குடியானவன் தன் மூதாதையை அலைந்து திரிந்த அரமேயன் என்று அறிக்கையிட வேண்டும் என்கிறது. வேறுபடுத்தவும் வேண்டும், உறவை மறுக்கவும் இயலாது. விவிலியத்துள் அரமேயம் இருக்கும் நிலையை இவ்விரண்டு இடங்களே சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றன.

எபிரேய விவிலியத்தில் அரமேயப் பகுதிகள் மிகச் சில. ஆதியாகமத்தில் மேற்சொன்ன இரண்டு சொற்கள். எரேமியா 10:11 என்னும் ஒரு வசனம். எஸ்ராவில் 4:8 முதல் 6:18 வரையும் 7:12 முதல் 26 வரையும். தானியேலில் 2:4இன் பிற்பகுதி முதல் 7ஆம் அதிகார முடிவு வரை. எல்லாம் சேர்த்தால் சுமார் 270 வசனங்கள். எபிரேய விவிலியத்தில் ஏறத்தாழ 23,000 வசனங்கள் உள்ளன என்பதை நினைத்தால் இது ஒரு நூற்றுக்கூறு அளவே. இந்தச் சிறு பகுதியின் மொழியையே 'விவிலிய அரமேயம்' என்கிறோம். அளவில் சிறியதாயினும், ஒரு நூலின் காலத்தை அதன் மொழியைக் கொண்டு கணிக்க முடியுமா என்ற பெரிய கேள்வி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இதன்மீதுதான் சோதிக்கப்பட்டு வருகிறது.

முதலில் இம்மொழி எப்படிப் பரவியது என்று பார்ப்போம். அரமேயருக்குப் பேரரசு எதுவும் இருந்ததில்லை. சிரியாவிலும் மேல் மெசொப்பொத்தாமியாவிலும் சிறு சிறு அரசுகள் இருந்தன. சிரியாவின் வடகிழக்கில் தெல் ஃபெக்கெரியே என்னுமிடத்தில் 1979இல் கிடைத்த கி.மு. 9ஆம் நூற்றாண்டுச் சிலையொன்றில், ஒரே செய்தி அக்காதியத்திலும் அரமேயத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. சிலைக்குரியவனை அரமேயப் பாடம் 'அரசன்' என்கிறது. அக்காதியப் பாடம் 'ஆளுநன்' என்கிறது. தன் மக்களுக்கு அவன் அரசன். அசீரியப் பேரரசுக்கு அவன் ஒரு மாகாண அலுவலன். அதே கல், அதே மனிதன். மொழி மாறியதும் பதவி மாறிவிடுகிறது.

அந்தச் சிற்றரசுகளை அசீரியா ஒவ்வொன்றாக விழுங்கியது. கி.மு. 732இல் தமஸ்கு வீழ்ந்தது. அரமேய அரசியல் அத்துடன் முடிந்தது. அரமேய மொழியின் பெருவாழ்வு தொடங்கியது அதன் பிறகுதான். காரணங்கள் இரண்டு. முதலாவது, வென்ற நாட்டு மக்களை வேரோடு பெயர்த்து வேறிடங்களில் குடியேற்றும் அசீரிய வழக்கம். பெயர்க்கப்பட்ட அரமேயர் பேரரசின் நெடுகிலும் பரவினர். இரண்டாவது, எழுத்து. நூற்றுக்கணக்கான குறிகள் கொண்ட ஆப்பெழுத்தைக் களிமண்ணில் அழுத்தி எழுதப் பல்லாண்டுப் பயிற்சி தேவை. அரமேயத்துக்கு இருபத்திரண்டு எழுத்துகள் போதும். தோலிலும் பாப்பிரசிலும் மையால் விரைந்து எழுதலாம். அசீரிய அரண்மனைப் புடைப்புச் சிற்பங்களில் கொள்ளைப் பொருள்களைக் கணக்கெடுக்கும் எழுத்தர் இருவர் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். ஒருவர் கையில் பலகையும் எழுத்தாணியும். மற்றவர் கையில் சுருளும் பேனாவும்.

மேலிடம் இதை உடனே விரும்பி ஏற்றுக்கொண்டது என்று நினைக்க வேண்டாம். ஊர் நகரத்து அலுவலர் ஒருவர், இனி அரமேயத்தில் சுருளில் எழுதி அனுப்பலாமா என்று இரண்டாம் சார்கோனிடம் அனுமதி கேட்கிறார். அக்காதியத்தில் எழுதினால் என்ன என்று அரசன் மறுத்துவிடுகிறான். அந்த மறுமொழி இன்றும் கிடைக்கிறது. ஆணை எழுதப்பட்ட மொழி அக்காதியம்; வென்ற மொழி அரமேயம். நிர்வாகம் வசதியின் பக்கம் சாய்வது மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் சாய்ந்துவிடும்.

கி.மு. 701இல் எருசலேம் முற்றுகையைப் பற்றிய விவிலியக் காட்சி (2 இராஜாக்கள் 18) இந்த மாற்றத்தின் நடுக்கட்டத்தைக் காட்டுகிறது. மதிலுக்கு வெளியே நின்று அசீரியத் தூதன் ரப்சாக்கே மிரட்டுகிறான். எசேக்கியாவின் அதிகாரிகள் அவனிடம், எங்களோடு அரமேயத்தில் பேசும், மதில்மேல் இருக்கும் மக்களுக்குப் புரியும் யூதமொழியில் வேண்டாம் என்று மன்றாடுகிறார்கள். அவனோ மக்களுக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகவே யூதமொழியில் இன்னும் உரக்கப் பேசுகிறான். ஆக, அக்காலத்தில் அரமேயம் அரண்மனை அறிந்த மொழி. தெரு அறியாத மொழி. பிற்காலத்தில் நிலைமை தலைகீழாகி, எபிரேய வேதத்தை அரமேயத்தில் பெயர்த்துச் சொல்லும் 'தர்கூம்' மரபே உருவாயிற்று.

பாரசீகப் பேரரசு அரமேயத்தைத் தன் அலுவல்மொழியாக்கிக்கொண்டது. எகிப்து முதல் பாக்திரியா வரை ஏறத்தாழ ஒரே எழுத்து வழக்கு. இதனைப் 'பேரரசு அரமேயம்' என்கிறோம். இதற்கு மிகச் சிறந்த சான்றுகள் நைல் நதியின் எலிஃபண்டைன் தீவில் கிடைத்த கி.மு. 5ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசுகள். பாரசீகருக்காகக் காவற்பணி செய்த யூதப் படைக்குடியிருப்பு அங்கு இருந்தது. யாஹு என்று அவர்கள் அழைத்த தங்கள் கடவுளுக்கு ஒரு கோயிலும் இருந்தது. கி.மு. 410இல் க்னூம் தெய்வத்தின் பூசாரிகளும் விதரங்க என்ற பாரசீக அதிகாரியும் சேர்ந்து அதை இடித்தனர். கி.மு. 407இல் யெதன்யா என்பவரும் குருக்களும் யூதேயாவின் ஆளுநர் பகோஹிக்கு ஒரு விண்ணப்பம் எழுதுகின்றனர். யூதர் யூதேயாவுக்கு எழுதும் கடிதம். எழுதிய மொழி அரமேயம். கம்பீசஸ் எகிப்துக்கு வந்தபோதே எங்கள் கோயில் இருந்தது என்று வரலாற்றைச் சான்றாக வைக்கிறார்கள். சமாரியாவின் சன்பல்லாத்துடைய மக்களுக்கும் எழுதியிருப்பதாகத் தெரிவிக்கிறார்கள். பதிலாக வந்த குறிப்பாணையும் கிடைத்துள்ளது.

இப்போது எஸ்ரா நூலைத் திறப்போம். அங்கும் இடிக்கப்பட்ட ஒரு கோயில். கட்ட அனுமதி உண்டா என்ற சிக்கல். ஆளுநருக்கும் அரசவைக்கும் இடையே கடிதங்கள். எஸ்ராவில் வரும் ஆளுநர் தத்தனாயின் பெயர் கி.மு. 502ஆம் ஆண்டுப் பாபிலோனிய ஆப்பெழுத்துப் பலகை ஒன்றிலும் வருகிறது. கடிதத்தின் வாழ்த்து முடிந்து செய்தி தொடங்கும் இடத்தில் 'இப்போது' என்ற பொருளுடைய சொல்லை இடுவது எலிஃபண்டைன் கடிதங்களின் வழக்கம். எஸ்ராவிலும் அதே இடத்தில் அதே சொல் நிற்கிறது. எஸ்ரா 6:2இல், அக்மேதா அரண்மனையில் கண்டெடுக்கப்பட்ட சுருளின் தலைப்பு 'திக்ரோனா': குறிப்பாணை. எலிஃபண்டைன் பதிலின் தொடக்கச் சொல்லும் அதுவே. ஒரே ஆவணவகை, ஒரே பெயர்.

ஒரே ஒரு வேறுபாடு. எலிஃபண்டைனில் அச்சொல் ஸ்-க்-ர்-ன் என்று 'ஸயின்' எழுத்தில் தொடங்குகிறது. எஸ்ராவில் த்-க்-ர்-ன் என்று 'தாலெத்' எழுத்தில் தொடங்குகிறது.

இந்த ஓரெழுத்து வேறுபாட்டின் பின்னணி ஒலியியல். மூலச் செமித்திய மொழியில், நாநுனியைப் பல்லிடையே வைத்து ஒலிக்கும் ஓர் உரசொலி இருந்தது. அரபியில் அது இன்றும் உண்டு. தமிழ் முஸ்லிம்கள் நன்கறிந்த 'திக்ர்' என்ற சொல்லின் முதலொலி அதுவே. நாம் பேசும் அரமேயச் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். எபிரேயத்தில் அந்த ஒலி ஸகரமாயிற்று. அரமேயத்தில் காலப்போக்கில் தகரமாயிற்று. எனவே பொன் எபிரேயத்தில் 'ஸாஹாப்', விவிலிய அரமேயத்தில் 'தெஹப்'. ஆனால் அரமேயர் கடன்வாங்கிய பினீசிய எழுத்துவரிசையில் அந்தப் பழைய ஒலிக்கெனத் தனியெழுத்து இல்லை. ஆகவே தொடக்ககால எழுத்தர் அதனை ஸயின் எழுத்தால் குறித்தனர். ஒலி தகரமாக மாறிய பின்பும் அலுவலகங்கள் பழைய எழுத்தையே தொடர்ந்தன. எலிஃபண்டைன் எழுத்தர் பெரும்பாலும் ஸயின் எழுதுகிறார். இடையிடையே கை தவறித் தாலெத் விழுகிறது. அந்தத் தவறுகள் நமக்குப் பெரும் செல்வம். எழுத்தரின் பள்ளிப்பாடம் மறைந்து அவருடைய நாக்கு வெளிப்படும் இடங்கள் அவை.

எரேமியா 10:11ஐயும் இங்கே நினைவுகூரலாம். பிற இனத்தாருக்குச் சொல்லவேண்டிய மறுமொழியாக அமைந்த அந்த ஒற்றை அரமேய வசனத்தில் 'பூமி' என்ற சொல் இருமுறை வருகிறது: முதலில் 'அர்கா', பிறகு 'அர்ஆ'. பழைய எழுத்து வடிவமும் புதிய வடிவமும் ஒரே வசனத்துள். எலிஃபண்டைன் ஆவணங்களிலும் இவ்விரு வடிவங்களும் கலந்தே வருகின்றன.

இவ்விடத்தில் என் பிழை ஒன்றைச் சொல்லவேண்டும். முதுகலை இரண்டாமாண்டில் ஒரு வகுப்புக் கருத்தரங்கில், விவிலிய அரமேயம் தாலெத் எழுதுகிறது, எலிஃபண்டைன் ஸயின் எழுதுகிறது, ஆகவே எஸ்ராவின் கடிதங்கள் பிற்காலப் புனைவு என்று மிகுந்த உறுதியுடன் முடித்தேன். அட்டவணை, விழுக்காடு, வரைபடம் எல்லாம் இருந்தன. பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் தேதியிட்டது நூலையா, படியையா?" என்னிடம் பதில் இல்லை. எலிஃபண்டைன் பாப்பிரசு எழுதியவர் கையிலிருந்து நேராக மண்ணுக்குள் போய், நேராக நம் கைக்கு வந்தது. எஸ்ராவோ தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்பட்டது. படியெடுத்தவர் தம் காலத்து எழுத்து முறைக்கு அதை மாற்றியிருக்கலாம். எழுத்து முறை கடைசியாகத் திருத்திய கையின் காலத்தைக் காட்டும். முதலில் எழுதிய கையின் காலத்தைக் காட்டாது.

அன்று கற்றதை மறுபக்கமும் நீட்டிப் பார்க்க வேண்டும். எழுத்து பிற்காலத்தது என்பதால் ஆவணம் போலி ஆகிவிடாது; ஆவணவகை உண்மையானது என்பதால் அந்த ஆவணம் அப்படியே மெய்யானதும் ஆகிவிடாது. வழக்கமான கடித அமைப்பை நன்கறிந்த ஒருவர் புதிதாகவும் எழுதியிருக்கலாம். எஸ்ராவின் கடிதங்கள் முழுமையாக மூல ஆவணங்களா, திருத்தப்பட்டவையா, பிற்காலத்தில் அமைக்கப்பட்டவையா என்பதில் ஆய்வாளர் இன்றும் ஒன்றுபடவில்லை.

தானியேல் நூலில் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. 2ஆம் அதிகாரத்தின் 4ஆம் வசனம் எபிரேயத்தில் தொடங்கி, கல்தேயர் அரசனிடம் பேசத் தொடங்கும் இடத்தில் அரமேயத்துக்கு மாறுகிறது. பேச்சு முடிந்த பின்பும் எபிரேயத்துக்குத் திரும்பவில்லை. 7ஆம் அதிகாரம் முடியும்வரை அரமேயமே. பொருள்வழிப் பகுத்தால் 6ஆம் அதிகாரத்தோடு கதைகள் முடிகின்றன, 7 முதல் தரிசனங்கள் தொடங்குகின்றன. மொழி எல்லையும் பொருள் எல்லையும் ஓரதிகாரம் விலகி நிற்கின்றன. அரமேய அதிகாரங்கள் ஆறையும் தனியே எடுத்தால் ஓர் அமைப்பு தெரிகிறது: 2உம் 7உம் நான்கு அரசுகளைப் பற்றியவை, 3உம் 6உம் சாவிலிருந்து மீட்கப்பட்டவர்களைப் பற்றியவை, நடுவிலுள்ள 4உம் 5உம் செருக்குற்ற அரசர்களைப் பற்றியவை. இவை தொடக்கத்தில் தனித்தொகுப்பாக இருந்தன என்று பலர் கருதுவதற்கு இந்த ஒழுங்கும் ஒரு காரணம். கும்ரான் குகைகளில் கிடைத்த தானியேல் படிகளிலும் மொழிமாற்றம் அதே இடங்களில் உள்ளது. எனவே அது பிற்காலப் படியெடுப்பாளரின் விபத்தன்று.

காலத்தைப் பற்றிய வழக்கில் மூன்று வகைச் சொற்கள் சாட்சிக்கூண்டில் ஏறின. பாரசீகச் சொற்கள் சுமார் இருபது. அவற்றுள் பல ஆட்சித்துறைச் சொற்கள். கிரேக்கச் சொற்கள் மூன்று. மூன்றும் 3ஆம் அதிகாரத்து இசைக்கருவிகள்: கைத்ரோஸ், பஸந்தேரின், சூம்போன்யா. மூன்றாவதாக அரமேயமே. 1891இல் டிரைவர் இச்சொற்களைக் கொண்டு நூல் அலெக்சாந்தருக்குப் பிற்பட்டது என்று வாதிட்டார். 1929இல் ரௌலி அரமேய இலக்கணத்தை விரிவாக ஒப்பிட்டு அதே முடிவை வலியுறுத்தினார். 1965இல் கிச்சன், பேரரசு அரமேயத்தின் எல்லைகள் நாம் நினைத்ததைவிட விரிந்தவை, மொழியை மட்டும் வைத்து அப்படித் தீர்ப்பிட இயலாது என்று மறுத்தார். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் தானியேலின் இறுதி வடிவத்தைக் கி.மு. 165ஐ ஒட்டி வைக்கிறார்கள். ஆனால் அம்முடிவின் முதன்மைத் தூண் மொழியன்று. 11ஆம் அதிகாரம் நான்காம் அந்தியோக்கஸின் காலம் வரையுள்ள நிகழ்ச்சிகளை நுணுக்கமாக அறிந்திருப்பது. மொழி அந்தக் காலத்துக்கு இடம்கொடுக்கிறது. தனியே நின்று அதைக் கட்டாயப்படுத்துவதில்லை. 'இடம்கொடுத்தல்', 'கட்டாயப்படுத்தல்' என்ற இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காப்பதே மொழிவழிக் காலக்கணிப்பில் நம் நேர்மைக்குச் சோதனை.

பெயர் பற்றி ஒரு சொல். தானியேலில் கல்தேயர் அரமேயத்தில் பேசுவதாக வருவதால், ஐரோப்பிய அறிஞர் நெடுங்காலம் இம்மொழியைக் 'கல்தேயம்' என்றே அழைத்தனர். 1833இல் வந்த கெசேனியஸின் இலத்தீன் அகராதியின் தலைப்பும் அப்படித்தான். அதற்கும் முன்பே கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அரமேயத்தைச் 'சிரிய மொழி' என்று பெயர்த்தனர். பழைய தமிழ் விவிலியத்தில் நாம் காணும் 'சீரிய பாஷை' அந்தக் கிரேக்கப் பெயரின் தொலைதூர எதிரொலி. பழைய நூல்களைப் படிக்கும் மாணவர்கள் இம்மூன்று பெயர்களும் ஒரு மொழியையே சுட்டலாம் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

இந்தியவியல் மாணவர்களுக்கு இம்மொழி அயலானதன்று. கந்தஹாரில் 1958இல் வெளிப்பட்ட அசோகரின் கல்வெட்டு கிரேக்கத்திலும் அரமேயத்திலும் அமைந்தது. தட்சசீலத்திலும் அரமேயக் கல்வெட்டு உண்டு. பாரசீகப் பேரரசு அழிந்து இரண்டு தலைமுறைக்குப் பின்பும் அதன் அலுவல்மொழி வடமேற்கில் உயிரோடிருந்தது. வலமிருந்து இடமாக எழுதப்படும் கரோஷ்டி அரமேய எழுத்திலிருந்து உருவானது. தெற்கிலும் ஒரு சான்றைச் சொல்வேன். வேணாட்டு அய்யனடிகள் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய கி.பி. 849ஆம் ஆண்டுக் கொல்லம் செப்பேட்டின் வாசகம் வட்டெழுத்தில் உள்ளது. சாட்சிகளின் கையெழுத்துகளோ கூஃபி அரபி எழுத்திலும், பகலவியிலும், எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும் உள்ளன. மூன்று எழுத்துகள். பகலவி அரமேயத்திலிருந்து வந்தது. அரபி எழுத்து நபத்தேய அரமேயத்திலிருந்து வந்தது. நாம் எபிரேய எழுத்து என்று அறியும் சதுர எழுத்தும் அரமேய எழுத்தே. கொல்லத்தில் சாட்சியிட்ட அந்த வணிகர்கள் அனைவரும், அறிந்தோ அறியாமலோ, ஒரே பாட்டியின் பேரெழுத்துகளில் கையொப்பமிட்டிருக்கிறார்கள்.

கேரளத்தில் எதெஸா நகரத்து அரமேயமான சுரியானி இன்றும் வழிபாட்டில் ஒலிக்கிறது. சுரியானி எழுத்தில் மலையாளம் எழுதும் வழக்கமும் இருந்தது. ஆனால் அரமேயத்தை வழிபாட்டு மொழியாகவும் கல்வெட்டு மொழியாகவும் மட்டும் பேசிவிட்டு நிறுத்துவது இம்மொழியைப் பேசுவோருக்குச் செய்யும் அநீதி. சிரியாவின் மாலூலாவிலும் அண்டை ஊர்களிலும் மேற்கு அரமேயம் தாய்மொழி. தூர் அப்தீன் பகுதியின் துரோயோவும், வடக்கு ஈராக்கிலும் ஈரானின் ஊர்மியாவிலும் வேர்கொண்ட கிழக்கு வழக்குகளும் இன்றும் வீடுகளில் பேசப்படுகின்றன. 1915இன் படுகொலைகள் அம்மக்களைச் சிதறடித்தன. ஸாக்கோ போன்ற ஊர்களின் யூதர்கள் 1950களின் தொடக்கத்தில் இஸ்ரேலுக்குப் புலம்பெயர, அவர்களுடைய அரமேயம் அடுத்த தலைமுறைக்குச் செல்லாமல் நின்றது. 2013இல் மாலூலாவே போர்க்களமாயிற்று. அசீரியர் காலத்தில் மக்கள் பெயர்க்கப்பட்டபோது இம்மொழி பரவியது. நம் காலத்தில் பெயர்க்கப்படும்போது சுருங்குகிறது. அன்று சென்ற இடமெல்லாம் அதற்கு அலுவலகம் காத்திருந்தது. இன்று சென்ற இடமெல்லாம் வேறொரு அரசமொழியின் பள்ளிக்கூடம் காத்திருக்கிறது.

'இறந்த மொழிகள்' என்ற பாடத்தலைப்பின் கீழ் அரமேயத்தைச் சேர்க்கும் பாடத்திட்டங்களை இன்னும் பார்க்கிறேன். லாபானின் கற்குவியல் சாட்சிக்காக வைக்கப்பட்டது. அதற்கு அவன் இட்ட பெயரைப் பொருள் புரிந்து கேட்கக்கூடியவர்கள் உலகில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வது நம் துறையின் கடமை. 270 வசனங்களை அலசுவதற்குச் சற்றும் குறையாத கடமை.

பிழைகள் இருப்பின் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். எஸ்ரா 4 முதல் 6 வரையுள்ள பகுதியை எலிஃபண்டைன் விண்ணப்பத்தோடு அருகருகே வைத்து வாசிக்க விரும்பும் மாணவர்கள் சொல்லுங்கள், சேர்ந்து வாசிக்கலாம்.